மணப்பந்தலில் புகைப்படக் கருவி

ஊரார் ஒருங்கு கூடி வாழ்த்தும் விழாக்களுள் தலையாயது திருமணம். வாயிலில் வாழை நாட்டுவதும், மாவிலைத் தோரணம் கட்டுவதும், கோலமிடுவதும், நாகசுரமும் தவிலும் முழங்கச் செய்வதும் ஒரே செய்தியை ஊருக்கு அறிவிக்கின்றன. ‘இங்கே இருவர் வாழ்வு ஒன்றாகப் போகின்றது, வந்து கண்டு வாழ்த்துக’ என்பதே அச்செய்தி. அவ்வழைப்பை ஏற்று வருகின்றவரே விருந்தினர். அவர் விருந்துண்ண மட்டும் வருபவர் அல்லர், காண வருகின்றார், வாழ்த்த வருகின்றார். இவ்விரண்டுமே மணவிழாவில் விருந்தினர்க்கு உரிய கடமைகள்.

இக்கடமை மிகப் பழமையானது. நல்லாவூர் கிழார் என்னும் புலவர் அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு மணவிழாவைக் காட்டுகின்றார். பந்தலில் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிட்டிருக்கின்றனர். உளுந்திட்டுச் சமைத்த உணவை வந்தவர்கள் உண்கின்றனர். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். நீரொடு சொரிந்த பூவும் நெல்லும் அவள் கூந்தலில் விளங்குகின்றன. இக்காலத்தில் விருந்தினர் அட்சதை என்னும் மங்கல அரிசியை மணமக்கள்மீது தூவுகின்றனர். பொருளும் முறையும் சிறிது வேறுபடினும், கையால் தூவி வாயால் வாழ்த்தும் கருத்து ஒன்றே.

சட்டமும் விருந்தினர்க்கு ஓர் இடம் வகுத்துள்ளது. சென்னை மாநிலச் சட்டமன்றம் 1967ஆம் ஆண்டில் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. அதன்படி புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் சீர்திருத்தத் திருமணமும் செல்லத்தக்கவை ஆயின. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் அம்மணம் நிகழ வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. ஆகவே, பந்தலில் அமர்ந்திருப்பவர் பொழுதுபோக்க வந்த பார்வையாளர் அல்லர். நிகழ்ச்சிக்குச் சான்றாக நிற்பவர் ஆவர்.

இப்பொழுது மற்றொரு சான்றும் பந்தலுக்குள் புகுந்துள்ளது. அதுவே விருந்தினர் கையில் உள்ள புகைப்படக் கருவி. கண் ஒரு சான்று. கருவி ஒரு சான்று. இவை ஒன்றுக்கொன்று துணையாக நின்றால் விழா சிறக்கும். ஒன்றை ஒன்று மறைத்தால் விழா கெடும். கருவியைக் கையாளும் ஒழுக்கத்தை அறிய வேண்டிய தேவை இங்கேதான் பிறக்கின்றது.

புகைப்படக் கலை தோன்றிய காலத்தில் இத்தேவை இல்லை. 1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தாகேர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஓர் உருவத்தைப் பதிப்பதற்குப் பல நிமிடங்கள் ஆயின. படத்திற்கு அமர்ந்தவர் அசையாதிருக்கும் பொருட்டுத் தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. 1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ச்சு ஈசுட்மன் ‘கோடக்’ என்னும் கைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் 100 படங்கள் எடுப்பதற்குரிய சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கருவியையே ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலையார் படங்களை அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலையில் ‘பிரௌனி’ என்னும் கருவி வந்தது. அதன்பின் எளியவரும் தம் கையாலேயே படம் எடுக்கத் தொடங்கினர்.

அக்காலத்தும் படச்சுருள் ஓர் அளவு வைத்திருந்தது. சதுரப் படம் எடுக்கும் கருவிகளில் ஒரு சுருளுக்கு 12 படங்கள் கிடைக்கும். 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்கள் கிடைக்கும். சுருளுக்கும் விலை உண்டு. கழுவி அச்சிடவும் விலை உண்டு. தமிழ்நாட்டிலேயே உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் படச்சுருள்களைச் செய்து வந்தது. அந்நாள்களில் கருவி கொண்டுவந்த விருந்தினர், ‘இதனை எடுக்கத்தான் வேண்டுமா?’ என்று ஒரு முறைக்கு இரு முறை எண்ணியே விசையை அழுத்தினர். சிக்கனம் அவர்க்கு அடக்கத்தைக் கற்பித்தது.

1975ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் சுடீவன் சாசன் சுருள் வேண்டாத கருவி ஒன்றை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நாடாவில் பதிக்க அதற்கு 23 நொடிகள் தேவைப்பட்டன. அவ்வழியே வளர்ந்த கருவி இன்று கைப்பேசிக்குள் அடங்கிச் சட்டைப்பையில் கிடக்கின்றது. இதனால் எடுக்கும் படங்களுக்குக் கணக்கு இல்லை, செலவும் இல்லை. உதகமண்டலத்து நிறுவனமும் நலிந்து நின்றுபோயிற்று. முன்னாளில் சுருள் வைத்த அளவை இந்நாளில் மனிதர் மனமே வைக்க வேண்டியுள்ளது.

இங்ஙனம் கூறுவதனால் விருந்தினர் படமே எடுத்தல் ஆகாது என்பது கருத்தன்று. கூலி பேசி அமர்த்தப்பெற்ற புகைப்படக் கலைஞர் பெரும்பாலும் மேடையைச் சுற்றியே நிற்பார். விடியற்காலையில் மாக்கோலம் இடும் அத்தையை அவர் காண்பதில்லை. கொட்டகைக்குப் பின்னே பெரிய அண்டாவைக் கிண்டும் சமையற்காரரையும், வாழை மரத்தின் அடியில் ஒளிந்து விளையாடும் சிறுவரையும், பல ஆண்டுகளுக்குப் பின் சந்தித்துக் கைகோத்துச் சிரிக்கும் இரு முதியவரையும் காண அவருக்குப் பொழுது இராது. அவற்றைக் காண்பவர் விருந்தினரே. அவர் எடுத்த ஒரு படம் அக்குடும்பத்திற்குப் பிற்காலத்தில் பெருஞ்செல்வம் ஆதலும் கூடும். அடுத்த ஆண்டில் மறைந்துபோன தாத்தாவின் இறுதிச் சிரிப்பு அப்படத்தில்தான் தங்கியிருக்கும். ஆதலின் கருவி குற்றமுடையது அன்று. இடமும் காலமும் அறியாமையே குற்றம்.

இடமும் காலமும் அறிய வேண்டிய முதல் வேளை தாலி கட்டும் வேளை. ‘கெட்டிமேளம்’ என்ற குரல் எழுகின்றது. தவில் விரைந்து முழங்குகின்றது. மணமகன் மங்கல நாணை எடுக்கின்றான். முழுவதும் முடிவதற்கு ஒரு நிமிடமும் ஆவதில்லை. அந்நேரத்தில் விருந்தினர் பலர் எழுந்து முன்னே நெருங்கிக் கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்தினால் என்ன ஆகும்? முன் வரிசையில் மணமகளின் பாட்டி அமர்ந்திருக்கின்றார் என்று கொள்க. முழங்கால் வலியால் அவரால் எழுந்து நிற்க இயலாது. பேத்தியைத் தொட்டிலில் இட்ட நாள் முதலாக அவர் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்திற்காகவே. அவர் கண்முன் தெரிவனவோ பிறருடைய முதுகுகள்! கூட்டம் விலகும்பொழுது தாலி ஏறி முடிந்திருக்கும். ‘படத்தில் காட்டுகிறேன், பாட்டி’ என்று ஒருவர் பின்னர்க் கூறலாம். கண்ணெதிரே கண்டிருக்க வேண்டியதை ஒரு சாண் திரையில் காட்டுதல் ஈடாகுமா?

அவ்வேளையில் நேரும் இழப்பு இன்னும் ஒன்று உண்டு. அட்சதை தூவக் கை வேண்டும். கருவியைப் பிடித்த கை தூவாது. தூவினும், குறி தவறாது படம் எடுப்பதிலேயே மனம் சென்றிருத்தலால், வாயில் வாழ்த்து வாராது. வாழ்த்த வந்தவர் வாழ்த்தாமலே வீடு திரும்புவர். ஆதலால் தாலி கட்டும் நேரத்தில் விருந்தினர் கருவியைப் பையில் இட்டுவிட்டு, அமர்ந்த இடத்திலேயே இருந்து, இரு கையாலும் வாழ்த்துவதே முறை. அக்காட்சியைப் பதிவதற்கென்றே கலைஞர் ஒருவர் அங்கு நிற்கின்றார். அவர்க்கு வழிவிடுதலே மணவீட்டார்க்குச் செய்யும் உதவியாகும்.

இரண்டாவதாக அறிய வேண்டியது ஒளியின் இயல்பு. ‘பிளாஷ்’ என்னும் மின்னொளி விளக்கைப் பின் வரிசையில் இருந்து ஒளிரச் செய்பவர் உண்டு. தொலைவு இருமடங்கானால் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். ஆகவே பின் வரிசையில் எழுந்த ஒளி மணமேடையைச் சென்று விளக்காது; இடையில் அமர்ந்தவர் தலைகளையே விளக்கும். அதனால் தமக்கும் பயன் இல்லை; பிறர் கண் கூசுவதே மிச்சம். கலைஞர் சிலர் மண்டபத்தின் மூலைகளில் துணைவிளக்குகளை நிறுத்துவர். தலைமை விளக்கின் ஒளியை உணர்ந்து அவையும் உடன் ஒளிரும். அவ்வகை விளக்குகள் பிறர் கருவியின் மின்னொளி பட்டாலும் ஒளிர்ந்துவிடுதல் கூடும். பிறகு மின்னாற்றல் நிரம்பச் சில நொடிகள் வேண்டும். அந்நொடிகளுக்குள் உரிய காட்சி கடந்துவிட்டால் கலைஞருக்குக் கிடைப்பது இருண்ட படமே. வானொலி அலையால் இயங்கும் விளக்குகளுக்கு இவ்விடர் இல்லை. எனினும் எவ்வகை விளக்கு அங்குள்ளது என்பதை விருந்தினர் அறியார். ஆகவே சடங்கு நிகழும்பொழுது மின்னொளியை நிறுத்திவைத்தலே நன்று. கருவி எழுப்பும் ஓசையையும் அவ்வாறே அடக்கி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, குழுப் படம் எடுக்கும் வேளை. இரு வீட்டாரும் மேடையில் வரிசையாக நிற்கின்றனர். கலைஞர் ஒருவர் நேரே நின்று எடுக்கின்றார். இடப்பக்கம் மாமனும் வலப்பக்கம் நண்பரும் தத்தம் கருவிகளை நீட்டி, ‘இங்கே பாருங்கள்’ என்று அழைக்கின்றனர். நின்றவருள் சிலர் இடமும், சிலர் வலமும், சிலர் நேரும் நோக்குகின்றனர். மூன்று கருவிகளில் ஒன்றிலாவது எல்லோரும் ஒரே முகமாய் நோக்கிய படம் அமைவதில்லை. கலைஞர் எடுத்து முடித்தபின், ‘ஒரு படம் எடுக்கலாமா?’ என்று கேட்டு, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுதல் நயத்தக்க நாகரிகம்.

மாலை வரவேற்பில் மேடையேறுவோரும் ஒரு கணக்கை மனத்துட் கொள்ளுதல் வேண்டும். பரிசளிக்க வரும் குழுக்கள் 200 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குழுவும் தன் கருவியில் தனிப்படம் எடுக்க அரை நிமிடம் கூடுதலாக நின்றாலும், மணமக்கள் 100 நிமிடம் மிகுதியாக நிற்க வேண்டிவரும். காலையில் இருந்து நோன்பும் சடங்குமாய்க் களைத்தவர் அவர்கள். கீழே வரிசையில் கைக்குழந்தையோடு காத்திருப்பவரும் உண்டு. ஒருவருக்கு அரை நிமிடம். ஊருக்கு அதுவே ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடுகின்றது.

நான்காவது, எவற்றைப் படம் எடுத்தல் ஆகாது என்பது. இலைமுன் அமர்ந்து உண்பவரை அவர் அறியாமல் எடுத்தல் அழகன்று. மணமகள் ஒப்பனை செய்துகொள்ளும் அறைக்குள் கருவியோடு நுழைதல் தகாது. பயணக் களைப்பால் நாற்காலியிலேயே உறங்கிய முதியவரை எடுத்து நகையாடுதல் பண்பன்று. பிறர் குழந்தையைப் படம் எடுக்குமுன் பெற்றோர் இசைவைப் பெறுதல் வேண்டும். மகளைக் கணவன் வீட்டுக்கு அனுப்பும்பொழுது தந்தை கண்ணீர் விடுகின்றார். அக்கண்ணீர் அவருக்கே உரியது. அருகில் நிற்பவர் அப்பொழுது நீட்ட வேண்டியது ஆறுதற் கையே அன்றிக் கருவி அன்று. அந்தரங்கம் மனிதரின் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டில் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பின் நுட்பங்களை அறியாதவரும் அதன் உட்கருத்தைத் தம் வீட்டில் வைத்து உணரலாம். தம்மை எவ்வாறு படம் எடுத்தல் ஆகாது என்று ஒருவர் கருதுகின்றாரோ, அவ்வாறு பிறரை எடாதிருத்தலே அவ்வுணர்வு.

சமயந்தோறும் முறை வேறுபடும் என்பதையும் மறத்தல் ஆகாது. கிறித்தவர் திருமணத்தில் மணமக்கள் உறுதிமொழி கூறும்பொழுது விருந்தினர் படம் எடுப்பதைச் சில கோவில்கள் இசைவதில்லை. அங்குக் குருவின் சொல்லே வரம்பு. இசுலாமியர் மணவிழாவில் மகளிர் தனியே அமரும் இடம் உண்டாயின், அங்கு இசைவின்றிக் கருவியை எடுத்தல் கூடாது. எந்த வீட்டு மணமாயினும், கருவியைப் பையிலிருந்து எடுக்குமுன் வீட்டார் ஒருவரைக் கேட்டறிதல் பொது விதியாகும்.

ஐந்தாவது, எடுத்த படத்தை வெளியிடும் முறை. கைப்பேசியில் எடுத்த படம் ஒரு நொடியில் நூறு பேர் கையை அடையும். வில்லை விட்ட அம்பைப் போல அதனை மீட்டல் அரிது. தம் திருமணப் படத்தை முதலில் வெளியிடும் உரிமை மணமக்களுக்கே உண்டு. தொலைநாட்டில் உள்ள அண்ணனுக்கு முதலில் அனுப்ப வேண்டும் என்று மணமகள் எண்ணியிருக்கலாம். துக்க வீட்டில் இருக்கும் உறவினர்க்கு ஒரு சொல் கூறிய பின்னரே படம் செல்ல வேண்டும் என்று பெற்றோர் கருதியிருக்கலாம். அவ்வெண்ணங்களை விருந்தினர் அறியார். ஆகவே மணவீட்டார் வெளியிடும் வரை, அல்லது இசைவு தரும் வரை, பொறுத்திருத்தல் வேண்டும். பிறகு தாம் எடுத்தவற்றுள் சிறந்த பத்தைத் தேர்ந்து வீட்டாரிடம் அளித்தல் நல்ல பரிசாகும். மங்கலும் மறைப்புமாய் உள்ள ஐந்நூறு படங்களை ஒருங்கே அனுப்புதல், பதரும் நெல்லும் கலந்து அளத்தலை ஒக்கும்.

மிகுதியாகப் படம் எடுப்பவர் தமக்கே ஓர் இழப்பைத் தேடிக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் லிண்டா எங்கல் 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர் சிலரை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைக் கண்ணால் மட்டும் காணவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் வினவியபொழுது, வெறுங்கண்ணால் கண்டவற்றைவிடப் படம் எடுத்தவற்றை அவர்கள் குறைவாகவே நினைவு கூர்ந்தனர். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் அணுகி நோக்கி எடுத்தபொழுது நினைவு குன்றவில்லை. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்ந்தால் நினைவு தேய்கின்றது. மனம் ஊன்றி நோக்கினால் நினைவு நிற்கின்றது. எண்ணிறந்த படங்களோடு வீடு திரும்பியவர் மணமகள் முகத்தை நன்கு கண்டிலர் என்றால் அது வியப்பன்று.

மணவீட்டார்க்கும் இதில் கடமை உண்டு. தம் விருப்பத்தைக் கூறாமல் இருந்துவிட்டுப் பின்னர் விருந்தினரை நோதல் முறையன்று. ‘தாலி கட்டும் வரை கருவிகளைத் தவிர்க்க வேண்டுகின்றோம், அதன்பின் படம் எடுக்கத் தனிநேரம் தரப்படும்’ என்று மண்டப வாயிலில் ஒரு பலகை வைத்தாலும், பெரியவர் ஒருவர் இன்சொல்லால் அறிவித்தாலும் போதும். கேட்டவர் மனங்கோணார், தனிநேரம் கிடைக்கும் என்று அறிந்தவர் முண்டியடிக்கவும் மாட்டார்.

இவ்விதிகள் பலவாயினும் இவற்றின் அடிப்படை ஒன்றே. விருந்தினர் முதலில் சான்று. பின்னரே படம் எடுப்பவர். மணநாள் மணமக்களுடையது, அவர்தம் பெற்றோருடையது, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியுடையது. பிறர் காட்சியை மறைக்காமலும், பிறர் மனத்தை நோகச் செய்யாமலும், தம் வாழ்த்தை மறவாமலும் ஒருவர் எடுக்கும் படமே நற்படம். எடுக்காமல் விட்ட படத்தினால் ஒரு முதியவர் கண்குளிரத் தம் பேத்தியின் திருமணத்தைக் கண்டார் என்றால், அது எந்தத் தொகுப்பிலும் இடம்பெறாது. ஆயினும் அன்றைய படங்கள் அனைத்தினும் அதுவே உயர்ந்தது. உறவினர் திருமணங்களுக்குச் செல்லும் மாணவர் இதனை உள்ளத்திற் கொண்டு நடப்பாராக.

பயிற்சி

1. மணவிழாவில் விருந்தினர்க்கு உரிய இரு கடமைகள் யாவை?
2. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் காணப்பெறும் மணவிழாவை விளக்குக.
3. ‘முன்னாளில் சுருள் வைத்த அளவை இந்நாளில் மனிதர் மனமே வைக்க வேண்டியுள்ளது’ – இத்தொடரின் கருத்தை எழுதுக.
4. பின் வரிசையில் இருந்து மின்னொளி விளக்கைப் பயன்படுத்துதல் ஏன் பயனற்றது?
5. அருங்காட்சியக ஆய்வினால் அறியப்படும் உண்மை யாது?
6. உங்கள் வீட்டுத் திருமணத்தில் மண்டப வாயிலில் வைப்பதற்குரிய அறிவிப்பு ஒன்றை இன்சொற்களால் எழுதுக.